டர்பனில் பறந்த டாஸ் ஜோகன்னஸ்பர்க்கில் ஏன் மூச்சு வாங்குகிறது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1998 மாடல் டொயோட்டா டாஸ், கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற கருவி) வைத்த 1.3 என்ஜின், 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. டர்பனில் இருந்தபோது, நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். மூன்று மாதம் முன்பு வேலை மாற்றலில் ஜோகன்னஸ்பர்க் வந்தார். வந்ததிலிருந்து வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, பெட்ரோல் குடிக்கிறது, பிளக்கைக் கழற்றினால் கரி. கூட வேலை பார்க்கிறவர்கள் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போடு, பிராஞ்ச் (என்ஜினிலிருந்து புகையை வாங்கும் தனித்தனிக் குழாய்கள்) போடு, ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் போடு, என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சிப் போடு, 15 இன்ச் மேக் வீல் (அலாய் சக்கரம்) போடு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கையில் 6,000 ராண்ட் இருக்கிறது, வீட்டிலேயே செய்ய ஆசை, எதில் ஆரம்பிக்கலாம் என்பது கேள்வி.

தம்பி, அந்த 6,000 ராண்டை எடுத்து உள்ளே வையுங்கள். வண்டியை இழுக்க வைப்பதற்கு அதில் பாதிகூட இப்போதைக்குத் தேவைப்படாது. உங்கள் வண்டி கெட்டுப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அது மலையேறியிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிட உயரம், குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. சுற்றிலும் சமதளமாகத் தெரிவதால் நமக்கு அது உறைப்பதில்லை. குன்னூருக்குப் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்கிறோம், இங்கே வந்தால் ஊர் மாறிவிட்டது என்று மட்டும் நினைக்கிறோம்.

கடலோரத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். இங்கே 82, 83 தான். என்ஜின் ஒவ்வொரு தடவையும் அதே அளவு இடத்தைத்தான் காற்றால் நிரப்புகிறது. அந்த இடத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 100 மீட்டர் ஏறினால் 1 சதவீதம் சக்தி போகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, டர்போ இல்லாத என்ஜினுக்கு அது ஏறக்குறைய சரியாகவே வரும். டர்பனில் 100 குதிரைத்திறன் கொடுத்த வண்டி இங்கே 83 கொடுக்கும். உங்களுடையது 1.3. அதில் 17 சதவீதம் போனால் ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு ஏற்றத்தில் போகும்போது அழுகை வரத்தான் செய்யும். இந்த நஷ்டத்தை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு டர்போ மேல் அப்படி ஒரு மோகம் ஏன் என்று நான் வந்த புதிதில் யோசித்ததுண்டு. மெல்லிய காற்றைத் திணித்துக் கொடுக்கிற சாதனம் அது, வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆனால் உங்கள் பிளக்கில் இருக்கும் கரி வேறு கதை. அதில்தான் நீங்கள் கையால் மீட்கக்கூடிய சக்தி இருக்கிறது.

இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் சென்சார் காற்றை அளந்து, அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. தொண்டை வழியாகக் காற்று ஓடும்போது உண்டாகும் உறிஞ்சலுக்குத் தக்கபடி ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் வரும். காற்று மெலிந்தால் உறிஞ்சலும் குறையும், ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. காற்றின் எடை 17 சதவீதம் குறைகிறபோது பெட்ரோல் 9 சதவீதம் போலத்தான் குறைகிறது. ஆக, கலவையில் பெட்ரோல் கூடி, டர்பனில் இருந்ததைவிட அது ஏறக்குறைய 10 சதவீதம் கொழுத்துவிட்டது. கரிப்பிளக், கறுத்த புகைக்குழாய், ஐட்லிங்கில் தடுமாற்றம், பெட்ரோல் செலவு எல்லாம் அதன் பிள்ளைகள்.

சரி, உடனே ஜெட்டை மாற்றிவிடலாமா? கூடாது. இரண்டு லட்சம் தாண்டிய வண்டியில் கலவை கொழுப்பதற்கு இன்னும் நாலைந்து காரணம் இருக்கும். அதையெல்லாம் பார்க்காமல் ஜெட்டை மாற்றினால், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடியது போலாகும். நானே அப்படிச் செய்து மாட்டியிருக்கிறேன்.

என் முதல் வண்டி ஒரு கான்க்வெஸ்ட், உங்கள் டாஸின் அண்ணன். டர்பனில் வாங்கி இங்கே ஓட்டி வந்தேன். முதல் குளிர்காலத்தில் இதே நோய். ஜெட்டைச் சின்னதாக்கினேன், கொஞ்சம் தேறியது. இன்னும் சின்னதாக்கினேன், ஏற்றத்தில் திக்க ஆரம்பித்தது. ஒரு மாதம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். வெப்பமுள் பாதிக்கு வரவே இல்லை, கால்வாசியிலேயே படுத்துக் கிடந்தது. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) உட்காரும் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை! எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வண்டி சூடாகிறது என்று போயிருக்கிறார், யாரோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப் போட்டுவிட்டார். டர்பன் சூட்டில் அது தெரியாமல் ஓடியிருக்கிறது. இங்கே ஜூலை காலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிளப்பினால் என்ஜின் சூடாகவே ஆகாது. சூடாகாத என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, தானியங்கி சோக் இருந்தால் அதுவும் முழுதாகத் திறக்காது. வீட்டிலிருந்து அலுவலகம் வரை சோக் போட்டே ஓட்டிய கணக்கு.

அதனால் முதல் வேலை வெப்பமுள்ளைப் பார்ப்பது. காசே கிடையாது. பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் அது நடுவுக்கு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. புதிது வாங்கி, புது கேஸ்கெட்டோடு போடுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், உள்ளே அடைபட்ட சுடுதண்ணீர் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். மூடியில் இருக்கிற ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். கடலோரத்தில் பொறுத்துப்போன தளர்ந்த மூடி இங்கே பொறுக்காது.

அதோடு உள்ளே இருப்பது கூலன்ட்டா, குழாய்த் தண்ணீரா என்று பாருங்கள். டர்பனில் உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அங்கே பல பழைய வண்டிகளில் வெறும் தண்ணீர்தான் ஓடும். துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் இருக்கும். இங்கே ஒரு இரவு மைனஸுக்குப் போனால் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து என்ஜின் பிளாக்கையே விரிசல் விடச் செய்யலாம். கழுவி, வடித்து, பாதிக்குப் பாதி கூலன்ட்டும் வடிநீரும் ஊற்றுங்கள். வடித்ததை வாசலில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

அடுத்தது காற்று வழி. ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் காற்றடிக்கும்போது ஊரின் தெற்கே இருக்கிற பழைய தங்கச்சுரங்க மண்மேடுகளிலிருந்து மஞ்சள் புழுதி கிளம்பும். அது மாவு மாதிரி நைசானது, ஃபில்டரை அடைத்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் அடைபட்ட ஃபில்டர் பாதி சோக் போட்டதற்குச் சமம். சாதாரணக் காகித ஃபில்டர், நம்பகமான கடையில் வாங்கியது போதும்.

பிறகு வேக்குவம் ஹோஸ்கள், அதாவது என்ஜினின் உறிஞ்சலைக் கடத்துகிற சின்ன ரப்பர் குழாய்கள். டர்பனின் ஈரக்காற்றில் மெத்தென்று இருந்த பழைய ரப்பர் இந்த வறட்சியில் வெடிக்கும். என்ஜினை ஓடவிட்டு, ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஹோஸின் மேலும் நகர்த்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் உஸ் என்று பாம்புச் சத்தம் கேட்கும். பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, தொங்குகிற எதுவும் வேண்டாம். இந்தக் காதுவைத்தியத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவர். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் ‘ஆயா’, ‘தண்ணி’, காவடிப் பாட்டில் நாலு வரி, அவ்வளவுதான். ஆனால் என்ஜின் பேசுவது அவருக்கு வார்த்தை வார்த்தையாகப் புரியும். பொறி விழுகிற நேரத்தை அளக்கும் டைமிங் லைட்டை நான் எடுத்தால், அதை ஓரமாக வை என்று கையைக் காட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொள்வார். இப்போதும் நான் முதலில் காதை வைக்கிறேன், அப்புறம்தான் லைட். உங்களுக்கு லைட்டையும் வாங்கச் சொல்வேன், அவர் காது உங்களுக்கும் எனக்கும் இல்லை.

பிளக்கு, பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடுவது) மூடி, ரோட்டர். இதில் சொல்ல அதிகமில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். கரிக்கோடு மாதிரி மெல்லிய விரிசல் இருந்தால் மாற்றுங்கள். இரவில் இருட்டில் பானட்டைத் திறந்து ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தால் பழுதான வயரில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிளக் இடைவெளியை வண்டிக்கான கையேட்டில் சொன்னபடி வையுங்கள். மலிவு விலையில் பெரிய பெயர் போட்ட பிளக் கிடைத்தால் வாங்காதீர்கள். நான் ஒரு தடவை நாலு வாங்கினேன், இரண்டில் பீங்கான் ஆடியது.

டாஸுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் செய்த வண்டி, 2006 வரை விற்றார்கள். நாடு முழுக்க இன்னும் ஓடுகிறது. அதனால் உதிரிபாகம் கிடைக்காமல் வண்டி நிற்கிற பேச்சே இல்லை. இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் காத்திருக்கும்போது, நீங்கள் சனிக்கிழமை காலை போய் வாங்கி மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம்.

இப்போது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று மீட்டர் வைத்து அளப்பது. இதைச் செய்யாமல் ஜெட்டில் ஒரு ராண்டும் செலவழிக்காதீர்கள். என்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் வயரைப் பிரித்துவைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. டர்பனில் 12 பார் காட்டிய என்ஜினை இங்கே அளந்தால் 10 பக்கம்தான் காட்டும். உள்ளே போகும் காற்றே குறைவு, பிறகு எங்கிருந்து அழுத்தம் வரும்? இதைத் தெரியாமல் கையேட்டைப் பார்த்து, ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதை நம்பிக் காசைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அப்படியானால் ஜெட் பேச்சை விட்டுவிட்டு வேறு பேச்சு பேச வேண்டும்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியுமா? தெரியாது என்பார். தெரியாது என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் குறைந்தபட்சம் நடுரோட்டில் நிற்பீர்கள், என்ஜின் வகையைப் பொறுத்து வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளவும் கூடும். முதல் தடவை இதை மட்டும் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டாலே வண்டி இப்போது உங்களுடையது மாதிரித்தான் ஓடும், அப்புறம் உயரத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவும் சரி என்றால் ஜெட்டுக்கு வருவோம். பல கார்புரேட்டர்களில் மெயின் ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் துளையின் அகலம்; 100 என்றால் 1 மில்லிமீட்டர். முதலில் அந்த எண்ணைப் படித்து எழுதி வையுங்கள். ஏனென்றால் உங்களுக்கு முன்னால் யாராவது ஏற்கனவே விளையாடியிருக்கலாம். கலவை 10 சதவீதம் கொழுத்திருக்கிறது என்றால் துளையின் பரப்பை 9 சதவீதம் குறைக்க வேண்டும். பரப்பு குறைவது அகலத்தில் பாதி அளவாகத்தான் தெரியும், ஆகவே 100 இருந்த இடத்தில் 95 போதும். இரண்டு தொண்டை கார்புரேட்டரில் முதல் தொண்டையின் ஜெட்டில் ஆரம்பியுங்கள், அன்றாட ஓட்டம் எல்லாம் அதில்தான். சின்னத் துளையைச் சாலிடர் வைத்து அடைத்து ஊசியால் குத்தி அளவு பார்க்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. வேண்டாம், ஜெட் விலை அதிகமில்லை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கேரேஜுக்குள் கீசர், ஹீட்டர் எதுவும் கூடாது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்ததும் பெட்ரோல் சிந்தும், குப்பென்று ஒரு வாசனை பரவும், அந்த வாசனை நெருப்பைத் தேடிப் போகும்.

மாட்டியபின் ஐட்லிங் கலவைத் திருகை மெல்ல உள்ளே திருப்பி, என்ஜின் மென்மையாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். புதுப் பிளக் போட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பீங்கான் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுப்பு என்றால் இன்னும் கொழுப்பு. வெள்ளை வெளேரென்று, கொப்புளம் மாதிரி இருந்தால் ரொம்ப மெலிந்துவிட்டது, உடனே பழைய ஜெட்டைப் போடுங்கள். கொழுத்த கலவை பர்ஸைத்தான் எரிக்கும், மெலிந்த கலவை பிஸ்டனையே எரித்துவிடும்.

இன்னும் ஒரு சின்ன லாபம் இக்னிஷன் டைமிங்கில் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு என்பதால் கலவை மெதுவாக எரியும், பொறியைக் கொஞ்சம் முன்னதாகக் கொடுத்தால் அதற்குப் பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை 2 டிகிரி முன்னால் திருப்புங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். டைமிங் லைட் வைத்து, வேக்குவம் ஹோஸ் விஷயத்தில் கையேடு சொல்கிறபடி கழற்றி அடைத்துவிட்டு அளக்க வேண்டும். இங்கே பங்கில் 93, 95 என்று இரண்டு ஆக்டேன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், டர்பனில் 95-தான் வழக்கம். 95 போட்டால் வண்டி பறக்கும் என்று இங்கே பலர் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் குணம். இந்த உயரத்தில் அழுத்தமே குறைவு, உங்கள் 1.3க்கு 93 தாராளம். 

இதுவரை சொன்னதைச் செய்தால் என்ன கிடைக்கும்? டர்பனில் இருந்த வண்டி திரும்ப வராது. 17 சதவீதம் போனது போனதுதான். அதற்கு மேல் கொழுத்த கலவையாலும் பராமரிப்பு இல்லாமலும் போனது எவ்வளவோ, அது திரும்ப வரும். என் கான்க்வெஸ்ட்டில் தெர்மோஸ்டாட்டும் ஜெட்டும் சரியான மறுநாளே மூன்றாவது கியரில் ஏறாத தெரு நாலாவது கியரில் ஏறியது. பெட்ரோல் பங்குக்காரர் என்னை மறந்துபோனார்.

நண்பர்கள் சொன்ன சாமான்களுக்கு வருகிறேன். சிப் போடச் சொன்னவர் உங்கள் பானட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. கார்புரேட்டர் என்ஜினில் சிப் போட இடமே கிடையாது. கோன் ஃபில்டர், அது என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த காற்றைக் குடிக்கும். காற்று மூன்று டிகிரி சூடானால் அடர்த்தியில் 1 சதவீதம் போகும். கம்பெனி கொடுத்த பெட்டி முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் காற்று எடுத்தால் கணக்கு என்ன ஆகும் பாருங்கள். சத்தம் மட்டும் நன்றாக இருக்கும், நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த உறுமலில் மயங்கித்தான் எல்லாரும் சக்தி கூடிவிட்டது என்கிறார்கள்.

பிராஞ்ச், ஃப்ரீ-ஃப்ளோ இரண்டும் சேர்ந்தால் மேல் சுற்றில் ஏதோ கிடைக்கும். ஆனால் நீங்கள் தினமும் ஓட்டுவது ரோபோவுக்கு ரோபோ. (ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: இங்கே ரோபோ என்றால் சிக்னல் விளக்கு. இரண்டாவது ரோபோவில் இடது பக்கம் திரும்பு என்று முதல் நாள் யாரோ வழி சொன்னபோது நான் நிஜமாகவே ரோபோவைத் தேடினேன்.) அந்த ஓட்டத்துக்குக் கீழ்ச்சுற்று இழுவைதான் வேண்டும், அகலக் குழாய் போட்டால் அதுவே குறையவும் கூடும். மேலும் அதைப் போட்டால் கலவை மாறும், ஜெட்டை மறுபடி பார்க்க வேண்டும். 15 இன்ச் மேக் வீல் எடை கூடியது. டயரின் மொத்த விட்டமும் பெரிதானால் கியர் நீண்ட மாதிரி ஆகி, ஏற்கனவே மூச்சு வாங்குகிற வண்டிக்கு மூட்டையும் ஏற்றிவிட்ட கதை. அழகுக்குப் போடுவதென்றால் போடுங்கள், வேகத்துக்கு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நிஜமாகவே வேகம் வேண்டும் என்றால் இந்த நாட்டில் டாஸ்காரர்கள் போகிற பாதை ஒன்று உண்டு. 20 வால்வு 4ஏ-ஜிஇ, 1.6 என்ஜினைத் தூக்கி உள்ளே வைப்பது. ஜப்பானில் அதன் முதல் வடிவத்துக்கு 160 குதிரைத்திறன் என்று டொயோட்டா சொன்னது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கும் கை அரிக்கும். ஆனால் 6,000 ராண்டில் அந்த என்ஜினின் வாசனையைக்கூடப் பிடிக்க முடியாது. என்ஜின் எண் மாறுவதால் காவல்துறைச் சான்றும் பதிவில் திருத்தமும் வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாவிட்டால் விபத்தன்று அவர் கை விரித்துவிடுவார். பழைய 1.3இன் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த என்ஜினை ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிரேக் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே வந்தபின் பெடல் கொஞ்சம் கட்டியாக இருக்கிறதா? பிரேக் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உங்கள் காலுக்கு உதவுகிறது. வெளிக்காற்று குறைந்ததால் உதவியும் குறைந்துவிட்டது. அது நோயில்லை. ஆனால் பிரேக் ஆயில் பழையது என்றால் அது நோய். அது ஈரத்தை உறிஞ்சும், அதுவும் டர்பன் ஈரத்தில் வருஷக்கணக்கில் இருந்தது. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. டர்பன் போகிற என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் இறக்கத்திலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் லாரிகளுக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து பெடல் தரையோடு போகும். உங்கள் 6,000 ராண்டில் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட், பின்னால் டிரம்மைத் திறந்து கடற்காற்றுத் துருவைச் சுரண்டுவது, நல்ல டயர், ஷாக் அப்சார்பர். அதே சாக்கில் வண்டிக்கு அடியில் படுத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டு ஓரங்களை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்றால் சரி, பொத் என்றால் துரு தின்றுவிட்டது.

அடியில் படுக்கும்போது ஜாக்கியை நம்பாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், உங்கள் பட்ஜெட்டில் அதுவும் சேர்த்தி. எனக்கு ஒரு தடவை செங்கல் பாவிய சரிவில் ஜாக்கி நழுவியது. சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கிற பழக்கம் அந்தச் சாட்ஸ்வொர்த் பெரியவர் திட்டித் திட்டிப் பழக்கியது. வண்டி அந்த டயர் மேல் உட்கார்ந்தது, என் மார்பு மேல் உட்காரவில்லை. அன்று இரவு வீட்டில் சொல்லவில்லை, இப்போது படித்தால்தான் தெரியும்.

டயர் காற்றிலும் இதே உயரக் கணக்கு ஓடுகிறது. டர்பனில் 30 அடித்த டயர் இங்கே அதே குளிர்ச்சியில் 32, 33 காட்டும், யாரும் அடிக்காமலேயே. இங்கே 30 வைத்துக்கொண்டு அங்கே இறங்கினால் 27 பக்கம் வந்துவிடும், அதுவும் நாலு பேர், பெட்டிகளோடு. போன இடத்தில் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

கடைசியாக, தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ நீங்கள் டர்பன் போகத்தான் போகிறீர்கள். அப்போது இந்த 95 ஜெட் அங்கே மெலிந்துவிடும், முன்னால் தள்ளிய டைமிங் அங்கே பிங்கிங் செய்யும். மிதிக்கும்போது டப்பாவில் கோலிக்குண்டு குலுக்குகிற சத்தம் கேட்டால் அதுதான். ஹாரிஸ்மித் தாண்டி, கணவாய் இறங்கியபின் வருகிற பங்குகளில் 95 போடுங்கள், காலை லேசாக வையுங்கள். இரண்டு நாள் தங்கல் என்றால் டைமிங்கை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பி, மிதிக்காமல் சமாளிக்கலாம். ஒரு மாதம் என்றால் ஜெட்டையும் மாற்றுங்கள், பழகியபின் முக்கால் மணி நேர வேலை. டிஸ்ட்ரிபியூட்டரில் பழைய இடத்துக்கு ஒரு கோடு, புது இடத்துக்கு ஒரு கோடு வெள்ளை பெயிண்டில் போட்டுவையுங்கள். பழைய 100 ஜெட்டை ஒரு மருந்து டப்பாவில் போட்டு, இப்போது என்ஜினுக்குள் எது இருக்கிறது என்று அந்த டப்பாவின் மேலேயே எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். நான் எழுதாமல் விட்டு, ஒரு தைப்பூசத்தன்று டர்பன் சாலையில் ஓரம்கட்டி கார்புரேட்டரைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.